மலை ஏற எங்கிருந்து தொடங்கலாம்? ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரி: சைக்கிள் பாதைகள்

அடிவாரம் (சேலம்) | வியாழன், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். கோரிமேட்டில் வீடு. வாசலில் நின்றால் ஏற்காடு மலை தெரிகிறது, ஆனால் இதுவரை ஒரு முறைகூட சைக்கிளில் ஏறியதில்லை. இந்த மார்கழிக்குள் ஏறிவிட வேண்டும் என்று நாலு பேர் முடிவு செய்திருக்கிறோம். சிக்கல் என்னவென்றால் நாலு பேரும் நாலு விதம். எனக்கு 34 வயது, வாரம் மூன்று நாள் இருபது கிலோமீட்டர் ஓட்டுவேன். நண்பர் மேட்டூர் போய் அன்றைக்கே திரும்புகிறவர், நூறு கிலோமீட்டர் அவருக்குப் பழக்கம், ஆனால் எல்லாம் சமதளம். அக்கா மகள் கல்லூரியில் கபடி ஆடுகிறாள், கால் பலம் அதிகம், மலை அனுபவம் கிடையாது. சித்தப்பாவுக்கு 56 வயது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பார்.

தெரிந்தவர்களிடம் விசாரித்ததில் வளைவைக் கணக்கு வைத்துப் போகச் சொன்னார்கள். ஏலகிரி 14, சிறுமலை 18, ஏற்காடு 20, வால்பாறை 40, கொல்லிமலை 70. இந்த வரிசையில் ஏறினால் படிப்படியாகக் கடினம் கூடும் என்கிறார்கள். இது சரியா? நாலு பேரும் ஒன்றாகப் போக வழி இருக்கிறதா?

---

ராசிபுரம் ரண்டோனர் | வியாழன், இரவு 10:05

தம்பி, அந்த வரிசையை மறந்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவின் எண்ணிக்கை ஏற்றத்தின் கடுமையைச் சொல்லாது. சில சமயம் நேர்மாறாகத்தான் சொல்லும். வளைவு எதற்குப் போடுகிறார்கள்? செங்குத்தாக ஏற வேண்டிய மலையில் சாலையை நீட்டி, சரிவைக் குறைப்பதற்காக. கொல்லிமலையில் 70 வளைவு இருப்பதால்தான் அந்த ஏற்றம் சாதாரணக் கால்களுக்கும் ஒத்துவருகிறது.

பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்: எத்தனை மீட்டர் உயரத்தை எத்தனை கிலோமீட்டரில் ஏறுகிறோம். உங்கள் வீட்டுப் பக்க மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை இருபது கிலோமீட்டரை ஒட்டி வரும். ஏறும் உயரம் சுமார் 1,100 மீட்டர். நூறு மீட்டர் போனால் ஐந்தரை மீட்டர் ஏறுகிறீர்கள், அதாவது 5.5 சதவீதம். ஒரே சீராக ஏறும் சாலை, தாளம் பிடித்துவிட்டால் விடாது. தமிழ்நாட்டில் மலை பழக இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியாது.

அதே ஏற்காட்டுக்கு அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகவும் ஏறலாம். அது வேறு மாதிரி. சரிவு திடீர் திடீரென்று நிமிரும், கீழ்ப்பகுதியில் நிழலும் குறைவு. ஊர் ஒன்று, மலை ஒன்று, ஆனால் ஏற்றம் இரண்டு. முதல் வருடம் குப்பனூர் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. மலை ஏறுவதற்கு முன் மலையோரம் ஓட்டுங்கள். எங்கள் ஊரிலிருந்து நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாகத் தம்மம்பட்டி போகும் சாலை இருக்கிறதே, மஞ்சளும் மரவள்ளியும் இரண்டு பக்கமும் நிற்க, கொல்லிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டலாம். சின்னச் சின்ன மேடு, உடனே இறக்கம். முள்ளுக்குறிச்சி வரை போய்த் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டர் போல வரும். முதல் இரண்டு வாரம் நாலு பேரும் ஒன்றாக இதை ஓட்டுங்கள். யார் மேட்டில் மூச்சு வாங்குகிறார், யார் இறக்கத்தில் பயப்படுகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

---

கோத்தகிரிக்காரி | வெள்ளி, காலை 6:40

ரண்டோனர் அண்ணா சொன்னதற்கு எங்கள் மலையே சாட்சி. ஊட்டிக்கு மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் 36 வளைவு. கொல்லிமலையில் பாதி. ஆனால் கல்லட்டியில் நல்ல பயிற்சி உள்ளவர்களே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மசினகுடியிலிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டர்தான். அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதில் பெரும்பகுதி அந்த 36 வளைவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2008 முதல் நடக்கும் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்தில் எல்லோரும் பயத்தோடு பேசுகிற நாள் கல்லட்டி நாள்தான். வெளியூர் வண்டிகளை அந்தச் சாலையில் இறங்க விடுவதில்லை. அதிலிருந்தே சரிவைப் புரிந்துகொள்ளலாம்.

நீலகிரியை முதலில் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வாருங்கள். 33 கிலோமீட்டர், ஏறும் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். தூரம் அதிகம், ஆனால் சராசரிச் சரிவு நாலரை சதவீதத்துக்குள்தான். குன்னூர் சாலையில் பஸ்ஸும் காரும் முட்டிக்கொண்டு நிற்கும்போது இந்தப் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். கீழே பாக்குத் தோப்பு, நடுவில் காடு, மேலே தேயிலை. காற்றின் வாசனை மாறுவதை வைத்தே எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அதன் பிறகும் தெம்பு இருந்தால் ஊட்டி இன்னும் முப்பது கிலோமீட்டர், ஏற்றமும் இறக்கமுமாக.

ஆனால் ஏற்காட்டை முடிக்காமல் இங்கே வர வேண்டாம். உங்கள் சித்தப்பாவுக்காகச் சொல்கிறேன்.

---

செம்மேடு | வெள்ளி, காலை 8:20

நான் கொல்லிமலைக்காரன். அண்ணன் சொன்ன கணக்கில் தவறில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஏறுவதை மட்டும் கணக்குப் போட்டால் எப்படி? இறங்க வேண்டாமா?

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறிவருகிறவர்கள் "இவ்வளவுதானா" என்று சந்தோஷமாக வருவார்கள். திரும்பும்போதுதான் பாடு. 70 வளைவிலும் பிரேக் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து... முப்பதாவது வளைவு தாண்டும்போதே விரல் மரத்துப்போகும். பழக்கமில்லாதவர்கள் பிரேக்கை விடவே மாட்டார்கள், பிடித்தபடியே இறங்குவார்கள். மூன்று வருடத்துக்கு முன் எனக்கே நடந்தது. பின் சக்கரத்தின் ரிம் சூடேறி, வளைவுக்குச் சற்று முன்னால் டியூப் வெடித்தது. நல்லவேளை, மலைப்பக்கம் இருந்தேன். மறுபக்கம் இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுத ஆள் இல்லை.

அதனால் என் அபிப்பிராயம்: இறக்கம் பழகாதவர்கள் கொல்லிமலைக்கு ஏறட்டும், ஆனால் சைக்கிளில் இறங்க வேண்டாம். ஒரு சரக்கு ஆட்டோ பேசிவைத்துக்கொண்டால் போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

---

ராசிபுரம் ரண்டோனர் | வெள்ளி, காலை 9:02

நீங்கள் சொல்வது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இறக்கம் பழகி வெகுநாள் ஆகிவிட்டதால் அதைத் தனியாக யோசிக்கத் தோன்றவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். இறங்காமலே இருந்தால் இறக்கம் எப்போது பழகுவது? ஏற்காட்டில் ஐந்தாறு வளைவு மட்டும் ஏறி அங்கிருந்தே இறங்கலாம் அல்லவா? அடுத்த வாரம் பத்து வளைவு. கால் பழகும் வேகத்திலேயே கையும் பழகும்.

---

செம்மேடு | வெள்ளி, காலை 9:15

அது நல்ல யோசனை. அப்படிச் செய்தால் எனக்கு மறுப்பே இல்லை.

---

பல்சக்கரம் (மெக்கானிக், ஈரோடு) | வெள்ளி, மதியம் 1:30

கடையில் இருக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். எல்லோரும் மலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், வண்டியில் என்ன கியர் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அடிவாரம் தம்பி, நாலு பேரின் வண்டியிலும் மிதிகட்டைப் பக்கத்துப் பல்சக்கரங்களில் சின்னதற்கு எத்தனை பல், பின்சக்கரத்தில் இருக்கும் கேசட்டில் (பல்சக்கர அடுக்கில்) பெரியதற்கு எத்தனை பல் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

---

அடிவாரம் | வெள்ளி, மாலை 6:50

எண்ணிவிட்டேன். எனக்கும் சித்தப்பாவுக்கும் ஹைப்ரிட், முன்னால் மூன்று, சின்னது 28 பல், பின்னால் பெரியது 32. நண்பருடையது ரோடு பைக், முன்னால் 34, பின்னால் 28. அக்கா மகளுக்கு வாங்கியது பழைய ரோடு பைக், முன்னால் சின்னதே 39, பின்னால் 25.

---

பல்சக்கரம் | வெள்ளி, இரவு 9:40

நினைத்தது சரியாகப் போயிற்று. கணக்கைப் பாருங்கள். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஹைப்ரிடில் மிக லேசான கியரில் ஒரு மிதி மிதித்தால் 1.84 மீட்டர் நகரும். நண்பருக்கு 2.55 மீட்டர். அக்கா மகளுக்கு 3.28 மீட்டர்.

மலையில் நிமிடத்துக்கு 70 மிதி என்பது முட்டியைக் காப்பாற்றும் வேகம். அந்த வேகத்தில் மிதித்தால் நீங்கள் மணிக்கு ஏழே முக்கால் கிலோமீட்டரில் போவீர்கள். நண்பர் பத்தே முக்காலில் போயாக வேண்டும். அந்தப் பெண் கிட்டத்தட்ட பதினாலில் போயாக வேண்டும். ஐந்தரை சதவீத ஏற்றத்தில் பதினாலு என்பது போட்டிக்குத் தயாராகிறவர்கள் போகும் வேகம். அவளால் அது முடியாது என்று நான் சொல்லவில்லை, முதல் நாளே முடியாது. என்ன செய்வாள்? மிதியைக் குறைத்து, நின்றுகொண்டு, பலத்தைப் போட்டு மிதிப்பாள். கபடிக் கால் தாங்கும், முட்டி தாங்காது.

ஆக, உங்கள் நாலு பேரில் மலைக்குத் தோதான வண்டி உங்களிடமும் சித்தப்பாவிடமும்தான் இருக்கிறது. பலசாலிக்குத்தான் கடினமான வண்டி அமைந்திருக்கிறது. பின் கேசட்டை 32 பல்லுக்கு மாற்றுங்கள். டிரெய்லியர் (செயினைப் பல் மாற்றும் கருவி) நீளம் போதவில்லை என்றால் அதையும் மாற்ற வேண்டிவரும். புது வண்டி வாங்குவதைவிடச் செலவு மிகக் குறைவு.

பிரேக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரும்போது கரைய வேண்டிய ஆற்றலைச் சூடாக மாற்றினால் இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதித்துவிடும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுக்க ரிம்மிலோ டிஸ்க்கிலோ இறங்குகிறது. பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விடுங்கள். நேர்ப்பாதையில் ரிம்முக்குக் காற்று படட்டும். பிரேக் ரப்பரைக் கிளம்புவதற்கு முந்தின நாள் பாருங்கள். கோடு தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் மலை.

---

நாற்பத்தெட்டில் தொடங்கியவள் (மதுரை) | சனி, காலை 5:55

சித்தப்பாவைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். நான் 48 வயதில் சைக்கிள் எடுத்தேன், இப்போது 55. எனக்கும் பிபி மாத்திரைதான். முதலில் அவர் டாக்டரிடம் போய், "மலை ஏறப்போகிறேன், இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து மூச்சு வாங்கும்" என்று இதே வார்த்தையில் சொல்லட்டும். உடற்பயிற்சி என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் நடைப்பயிற்சி என்று நினைத்துக்கொள்வார்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை என்றால் நாடித்துடிப்பு அவ்வளவாக உயராது. கையில் கட்டிய வாட்ச் 120 என்று காட்டும், உள்ளே அவர் முழு பலத்தையும் செலவழித்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்படித்தான் ஆயிற்று, சிறுமலையில் எட்டாவது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதிலிருந்து வாட்ச்சைப் பார்ப்பதில்லை. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். முடியவில்லை என்றால் வேகம் குறைப்பேன், அப்படியும் முடியவில்லை என்றால் நின்றுவிடுவேன்.

நாலு பேரும் எப்படி ஒன்றாகப் போவது என்று கேட்டீர்கள். ஏற்றத்தில் ஒன்றாகப் போகவே முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். சித்தப்பா வேகத்துக்கு நண்பர் மெதுவாகப் போனால் அவருக்குக் கால் வலிக்கும். நண்பர் வேகத்துக்குச் சித்தப்பா போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நாங்கள் செய்வது இது: மெதுவானவர் அரை மணி முன்னால் கிளம்பிவிடுவார். ஒருவர் அவர் கூடவே போவார், பேச்சுத்துணைக்கும் பாதுகாப்புக்கும். மற்றவர்கள் பின்னால் கிளம்பி வழியில் தாண்டுவார்கள். மேலே ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர்ந்துவிடலாம். தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள் பாருங்கள், அதற்காகவே ஏறலாம்.

எங்கள் குழுவில் பார்த்ததைச் சொல்கிறேன். புதியவர்கள் ஒரு மணி நேரத்தில் 350 முதல் 400 மீட்டர் உயரம் ஏறுகிறார்கள். வாரம் தவறாமல் ஓட்டுகிறவர்கள் 600. ஏற்காட்டின் 1,100 மீட்டருக்குச் சித்தப்பாவுக்கு மூன்று மணி நேரம் ஆகலாம். அதற்குத் தகுந்தபடி தண்ணீரும் நேரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

சென்னை சமதளம் | சனி, காலை 10:30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சென்னைக்காரர்களுக்கு ஏதாவது இருக்கிறதா? எங்களுக்கு மேம்பாலம்தான் மலை.

---

ராசிபுரம் ரண்டோனர் | சனி, காலை 11:10

ஏன் இல்லை? ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்தே ஏலகிரி தெரியும். பொன்னேரியிலிருந்து ஏற்றம், 14 வளைவு. புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே பாரி, காரி, ஓரி என்று படித்துக்கொண்டு ஏறுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதைவிட நல்லது ஜவ்வாது மலை. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வாருங்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான், உயரம் 725 மீட்டர். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் வரை மேட்டுநிலச் சாலை, ஏறும் இறங்கும், சாமை வயலும் புளியமரமும். வண்டி நடமாட்டம் மிகக் குறைவு. இடையில் கடை குறைவு, அதனால் தண்ணீர் இரண்டு பாட்டில் கட்டாயம்.

---

ஆழியாறு பக்கம் (பொள்ளாச்சி) | சனி, மாலை 4:45

வால்பாறையைப் பட்டியலில் பார்த்ததால் எழுதுகிறேன். ஆழியாறு சோதனைச்சாவடியிலிருந்து வால்பாறை வரை 40 வளைவு, நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். சரிவு மோசமில்லை. ஒன்பதாவது வளைவில் நின்றால் ஆழியாறு அணை முழுதாகக் காலடியில் கிடக்கும், பாறையில் வரையாடு மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானை நடமாட்டம் உண்டு. அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போகக்கூடாது. மற்ற மலைகளில் வெயிலுக்கு முன் ஐந்தரைக்குக் கிளம்பு என்போம், இங்கே அந்த வழக்கம் ஆபத்து. சாவடியில் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் போய், வெளிச்சத்துக்குள் மேலே சேர்ந்து, இரவு தங்கி மறுநாள் திரும்புங்கள். நாலு பேரும் சிதறிப் போகவும் கூடாது. மதுரை அக்கா சொன்ன அரை மணி இடைவெளி ஏற்காட்டுக்குச் சரி, இங்கே வேண்டாம்.

---

கோத்தகிரிக்காரி | சனி, இரவு 8:15

மிகச் சரி. மசினகுடி பக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

மழைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை முடிகிற வரை எந்த மலையானாலும் முதல் நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையிலேயே மண் சரிந்தது. மழை விட்டாலும் கல்லும் மண்ணும் வளைவில் கிடக்கும், சில்வர் ஓக் இலை ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். தை, மாசி நல்ல மாதங்கள். காலைக் குளிரில் இறங்கும்போது சட்டைக்குள் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது, அதனால் கையுறையும் வேண்டும்.

---

அடிவாரம் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் இரண்டு ஞாயிறு முள்ளுக்குறிச்சி. அங்கேயே ஒன்று தெரிந்தது. நூறு கிலோமீட்டர் ஓட்டும் நண்பர்தான் இறக்கத்தில் உடம்பை இறுக்கிக்கொள்கிறார். அவருக்கு இதுவரை பிரேக் பிடிக்கவே வேலை வந்ததில்லை. சித்தப்பா அந்தக் காலத்தில் பால் கேன் கட்டி ஓட்டியவர், இறக்கத்தில் அவ்வளவு நிதானம். மூன்றாவது வாரம் ஏற்காட்டில் ஆறு வளைவு ஏறி இறங்கினோம். நாலாவது வாரம் பன்னிரண்டு. இதற்கிடையில் அக்கா மகள் வண்டிக்கு 32 பல் கேசட் மாற்றினோம். முதல் நாளே, "இது வேற சைக்கிள் மாமா" என்றாள்.

இன்றைக்கு முழு மலை. சித்தப்பாவும் நானும் ஐந்தரைக்குக் கிளம்பினோம், மற்ற இருவரும் ஆறே காலுக்கு. டாக்டர் மாத்திரையைப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே ஏறும் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். சித்தப்பா வழி முழுக்கப் பேசினார். பாட்டியைப் பற்றி, விற்றுவிட்ட நிலத்தைப் பற்றி, இதுவரை என்னிடம் சொல்லாத பலதைப் பற்றி. பதினாலாவது வளைவுக்கு மேல் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதினெட்டில் அவர்கள் இருவரும் எங்களைப் பிடித்தார்கள். அதற்கு மேல் யாரும் தாண்டிப் போகவில்லை, நாலு பேரும் சேர்ந்தே ஏரிக்கரைக்குப் போனோம். எங்களுக்கு 2 மணி 50 நிமிடம்.

குரங்குத் தொல்லை பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன்: கடலை மிட்டாயை வளைவில் நின்று பிரிக்காதீர்கள். அப்புறம் கீழே வரும் பஸ் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்கிறது. ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்று வழிவிட்டோம்.

இறங்கும்போது நண்பர் முன்னால், அவருக்குப் பின்னால் சித்தப்பா. "விடு, இப்போ பிடி, விடு" என்று சித்தப்பா குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். இருபது வளைவும் அப்படித்தான் வந்தோம். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம்.

அடுத்து என்ன? நண்பர் கொல்லிமலை என்கிறார். அக்கா மகள் ஏற்காட்டிலேயே ஒரு நாள் தங்கி அந்த 32 கிலோமீட்டர் லூப் ரோட்டைச் சுற்ற வேண்டும் என்கிறாள்.

---

நாற்பத்தெட்டில் தொடங்கியவள் | ஞாயிறு, மாலை 6:05

லூப் ரோடு போங்கள். காப்பித் தோட்டத்துக்குள்ளேயே ஏறி இறங்கும், ஒரே நாளில் அத்தனை விதமான சரிவும் கிடைக்கும். உங்கள் நண்பருக்கும் சின்னச் சின்ன இறக்கமாகப் பழகிவிடும். சித்தப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

---

செம்மேடு | ஞாயிறு, இரவு 7:30

லூப் முடித்துவிட்டு மாசியில் இங்கே வாருங்கள். காரவள்ளியில் ஆறு மணிக்கு நான் நிற்பேன், கூடவே ஏறுகிறேன். சரக்கு ஆட்டோவுக்கும் சொல்லிவைக்கிறேன். மேலே வந்து பார்த்துவிட்டு உங்கள் நண்பர் கை எப்படி இருக்கிறது என்று முடிவு செய்துகொள்ளலாம். சாப்பாடு எங்கள் வீட்டில், மலை வாழைப்பழம் தார் கணக்கில் இருக்கிறது.

---

அடிவாரம் | ஞாயிறு, இரவு 8:10

வருகிறோம் அண்ணா. ஐந்து பேர். இன்றைக்கு நாங்கள் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டுச் சித்தி பரணிலிருந்து தன் பழைய சைக்கிளை இறக்கச் சொல்லிவிட்டார். நாளைக்கு அதில் எத்தனை பல் என்று எண்ணிச் சொல்கிறேன்.